முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் ஐஸும் அசைவும்: முழுமையான வழிகாட்டி

அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் வீட்டுக்கு வந்தோம். டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளுக்கு ஒரு முழுப் பக்கம். மற்றதற்கெல்லாம் சேர்த்து ஒரே வரி: ‘ஐஸ் வைக்கவும், பயிற்சிகளைத் தொடரவும்.’ எவ்வளவு நேரம், எந்த இடத்தில், எத்தனை தடவை, எது முதலில் என்று ஒன்றுமே இல்லை. அன்று சாயங்காலம் பார்க்க வந்த பெரியம்மா நேராக அடுப்படிக்குப் போய், நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் துண்டை முக்கிப் பிழிந்துகொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். அவரைத் தடுத்து உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நம் ஊரில் ஒத்தடம் என்றாலே சூடுதான். ஐஸ் வைத்தால் குளிர்ச்சி ஏறும், வாதம் வந்து உட்காரும் என்ற பயம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. ஆபரேஷன் ஆன புது முழங்காலுக்கு மட்டும் இது தலைகீழ். அங்கே ஏற்கெனவே சூடும் ரத்த ஓட்டமும் அதிகம், மேலும் சூடு வைத்தால் வீக்கம் கூடும். எண்ணெய் தேய்ப்பு, தைலம், நீவிவிடுதல் எல்லாம் இப்போது வேண்டாம். காயத்தில் கிருமி போகும் என்பது ஒரு காரணம், கெண்டைக்காலில் ரத்தக் கட்டி இருந்தால் நீவும்போது அது நகரக்கூடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. இங்கே எழுதியிருப்பது வழக்கமான, சிக்கல் இல்லாத முதல் முறை ஆபரேஷனுக்கு. உங்கள் டாக்டர் ‘இத்தனை டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது’, ‘காலை ஊன்றக்கூடாது’ என்று ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் கணக்கு.

ஐஸ் எதற்கு என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

வலிக்காக என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பாதி சரி. மீதிப் பாதி தொடையில் இருக்கிறது. முழங்காலுக்குள் நீர் கோத்து வீங்கினால், தொடையின் முன்பக்கத் தசைக்கு நரம்பு வழியாகப் போகும் கட்டளையை உடம்பே குறைத்துவிடும். தசை அறுபடவில்லை, நரம்பும் கெடவில்லை, ஆனாலும் காலைத் தூக்கச் சொன்னால் தூக்க வராது. அம்மா முதல் மூன்று நாள், ‘நான் தூக்குறேன்டா, கால் கேக்க மாட்டேங்குது’ என்று சொன்னது இதைத்தான். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்தில் அளந்துபார்த்தால் அந்தத் தசையின் வலிமை முன்பிருந்ததில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பது சகஜம், சிலருக்கு அதற்கும் கீழே போய்விடும்.

ஆக வரிசை இதுதான்: வீக்கத்தை அடக்கினால் தசை விழிக்கும், தசை விழித்தால் கால் நீளும், மடங்கும், நடக்கும். ஐஸ் அந்த முதல் கதவைத் திறந்துவிடும் வேலையை மட்டுமே செய்கிறது. நாள் முழுக்க ஐஸ் வைத்துப் படுத்துக்கொண்டு பயிற்சி செய்யாமல் இருந்தால் ஒரு புண்ணியமும் இல்லை. ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான், ஐஸால் ஆரம்ப நாட்களில் வலி ஓரளவு குறையும், பெரிய அற்புதம் எதுவும் நடக்காது. செலவில்லாத, மாத்திரை போடாத ஓரளவு நிவாரணம் என்றால் நான் தாராளமாக எடுத்துக்கொள்வேன்.

எந்த ஐஸ் நல்லது

இதில்தான் எங்கள் வீட்டில் ஒரு தப்பு நடந்தது. மருந்துக்கடையில் வாங்கிய நீல ஜெல் பேக்கை ஃப்ரீசரில் ராத்திரி முழுக்க வைத்திருந்து, காலையில் அவசரத்தில் மெல்லிய கைக்குட்டை ஒன்றை மட்டும் சுற்றி வைத்தேன். இருபது நிமிடம் கழித்து எடுத்தபோது முழங்காலின் வெளிப்பக்கம் ஒரு ரூபாய் அளவுக்குத் திட்டாகச் சிவந்து, நடுவில் வெளிறியிருந்தது. அம்மாவுக்கு அங்கே எதுவும் தெரியவே இல்லை. நல்லவேளை, கொப்புளம் ஆகாமல் அன்று மாலைக்குள் சரியாகிவிட்டது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. வீட்டு ஃப்ரீசருக்குள் சுமார் மைனஸ் 18 டிகிரி. ஜெல் பேக் அதே குளிரோடு வெளியே வருகிறது, தோலைச் சுடும் அளவுக்கு அது போதும். உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் கட்டியோ தண்ணீரோடு சேர்ந்திருக்கும்வரை பூஜ்யம் டிகிரியைவிட்டு நகராது. அதோடு ஒரு கிராம் ஐஸ் உருக சுமார் 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சும் என்பதால், ஐஸும் தண்ணீரும் கலந்த பை ஒரே சீரான குளிரை ரொம்ப நேரம் தரும். ஜெல் பேக் ஆரம்பத்தில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடும். விலை அதிகமான பொருளைவிட ஐஸ் டிரேயும் ஒரு பிளாஸ்டிக் பையும் மேல் என்பது என் முடிவு. ஜெல் பேக்தான் இருக்கிறது என்றால் எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, துணியில் நன்றாகச் சுற்றிப் பயன்படுத்துங்கள்.

எங்கள் வீட்டு வழக்கம் இது. ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் பை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே இரண்டு டிரே ஐஸை லேசாக நொறுக்கிப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியே தள்ளி மூட வேண்டும். காற்று இருந்தால் பை பலூன் மாதிரி நின்றுகொள்ளும், முழங்காலின் வளைவில் படியாது. மேலே பழைய பருத்தி வேட்டித் துண்டு, அதை நனைத்து நன்றாகப் பிழிந்து ஒரு சுற்று. ஈரத்துணி குளிரைக் கடத்தும், தடித்த உலர்ந்த டர்க்கி டவல் குளிரை நிறுத்திவிடும். காயத்தின் மேல் போட்ட கட்டு தண்ணீர் புகாத வகையாக இல்லாவிட்டால் ஈரத்துணி கூடாது, உலர்ந்த மெல்லிய துணியும் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளும் போதும். காயம் எக்காரணம் கொண்டும் நனையக்கூடாது.

எங்கே, எவ்வளவு நேரம்

சில்லுக்கு (முழங்காலின் முன்னால் இருக்கும் வட்ட எலும்பு) மேலே தொடை தொடங்கும் இடத்தில் வீக்கம் ஒரு தலையணை மாதிரி திரண்டு நிற்கும். முதல் பை அங்கே. இரண்டாவது இருந்தால் உள்பக்கத்தில் அணைத்து வையுங்கள். முழங்காலுக்கு அடியில் வைக்க வேண்டாம், காலின் எடை முழுக்க ஐஸ் மேல் அழுந்தும். வெளிப்பக்கத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே கையை வைத்துத் தடவினால் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும், அதைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்கும் நரம்பு தோலுக்கு வெகு அருகில் போகிறது. அங்கே ஐஸை வைத்து இறுக்கிக் கட்டினால் பாதம் தொங்கிப்போகும் ஆபத்து உண்டு.

நேரம் 15 நிமிடம், அதிகபட்சம் 20. முதலில் குளிரும், பிறகு லேசாக எரியும், அப்புறம் கடுகடுக்கும், கடைசியில் மரத்துப்போகும். மரத்துப்போனால் வேலை முடிந்தது, எடுத்துவிடலாம். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு தடவை பையைத் தூக்கித் தோலைப் பாருங்கள். ரோஜா நிறச் சிவப்பு சரி. வெளிறினாலோ, நீலம் பாய்ந்தாலோ, புள்ளி புள்ளியாகத் தடித்தாலோ உடனே நிறுத்துங்கள். மறுபடி வைக்கக் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி, பொதுவாக இரண்டு மணி நேரம் விட்டால் நல்லது. முதல் ஒரு வாரம் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, பிறகு பயிற்சி முடிந்ததும் ஒரு தடவையும் படுக்கும் முன் ஒரு தடவையும் போதும். ஐஸ் வைத்தபடியே தூங்கிவிடக்கூடாது. வலி மாத்திரை போட்டவர்களுக்குக் கண் சொக்கும், அதனால் போனில் அலாரம் வையுங்கள்.

அன்று ஜெல் பேக் சுட்டது அம்மாவுக்கு ஏன் தெரியவில்லை என்று, பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோ தம்பியிடம் கேட்டேன். நடுவில் கீறி ஆபரேஷன் செய்யும்போது தோலுக்குப் போகும் சின்ன நரம்புக் கிளை ஒன்று அறுபடுவது வழக்கமாம், அதனால் தையலுக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மரத்துக் கிடக்கும். அந்த இடம் ‘சுடுது, குளிருது’ என்று சொல்லாது. ஆபரேஷன் நாளில் தொடையில் போட்ட நரம்பு மரப்பு ஊசியின் வேகம் சிலருக்கு மறுநாள்வரை இருக்கும், அப்போதும் இதே கதைதான். ஐஸ் வைக்கும் முன் பஞ்சால் தடவி எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மரத்த இடத்தில் உங்கள் கண்தான் காவல்.

சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், காலுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்று டாக்டர் சொல்லியிருப்பவர்கள், குளிர் பட்டால் விரல் வெளுத்து நீலமாகிறவர்கள், குளிருக்குத் தடிப்பு வருகிறவர்கள், இவர்கள் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் ஐஸை எடுக்கவே வேண்டாம். நம் ஊரில் சர்க்கரை இல்லாத வீடு எது என்று யோசித்தால் இந்த வரி எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று தெரியும்.

தண்ணீரைக் குளிர்வித்து ஒரு உறைக்குள் சுற்றவிடும் மெஷின்களும் வாடகைக்குக் கிடைக்கின்றன. அடிக்கடி எழுந்து ஐஸ் மாற்ற ஆள் இல்லாத வீட்டுக்கு வசதி. மற்றபடி நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

தலையணை விஷயம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், பார்த்த எல்லா வீட்டிலும் இதே தப்பு. நீர் கோத்த முழங்கால் சுமார் 30 டிகிரி மடங்கியிருக்கும்போதுதான் உள்ளே அழுத்தம் மிகக் குறைவு, அதனால் அந்த நிலையில் சுகமாக இருக்கும். பார்க்கிறவர்கள் பாவப்பட்டு முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகிவிடுவார்கள். நோயாளியும் நிம்மதியாகத் தூங்குவார். பத்து நாள் இப்படியே போனால் கால் அந்த வளைவிலேயே இறுகி, பிறகு முழுவதும் நீள வராது. நீளாத கால் நொண்டும். மடக்குவது பத்து டிகிரி குறைந்தால்கூட வாழ்ந்துவிடலாம், நீட்டுவது பத்து டிகிரி குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் தெரியும்.

தலையணை குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் கீழே இருக்கட்டும், முழங்காலுக்கு அடியில் வெறும் காற்று. வீக்கம் வடிய வேண்டுமென்றால் பாதம் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் ஒரு ஸ்டூல் போட்டுக் காலை நீட்டினால் அந்த உயரம் வராது. படுத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

அசைவு: முதலில் நீட்டல்

பயிற்சிக்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்பு, டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுவிடுங்கள். ‘மாத்திரை வேண்டாம், நான் தாங்கிக்குவேன்’ என்று வீரம் காட்டுகிறவர்கள்தான் பயிற்சியில் பாதியில் நிறுத்துகிறவர்கள்.

முதலில் பாதம். படுத்தபடி இரண்டு பாதங்களையும் மேலே கீழே, காரில் பிரேக் மிதிப்பது போல. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை, இருபது முறை. கெண்டைக்கால் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும், ரத்தம் தேங்காது.

அடுத்தது தொடை இறுக்குதல். காலை நீட்டிப் படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் உங்கள் உள்ளங்கையை வையுங்கள். ‘என் கையை நசுக்குங்க’ என்று சொல்லுங்கள். முழங்காலின் பின்பக்கம் கீழே அழுந்தும், சில்லு தொடையை நோக்கி அரை விரற்கடை மேலே ஏறும். சில்லு ஏறவில்லை என்றால் தசை வேலை செய்யவில்லை, பிட்டத்தை இறுக்கி ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும், பத்து முறை. அம்மாவுக்கு முதல் நாள் என் கையில் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டாம் நாள் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு துடிப்பு. ஐந்தாம் நாள் நன்றாக நசுங்கியது. ஆபரேஷன் ஆகாத காலில் முதலில் இதே இறுக்கலைச் செய்து காட்டினால் எப்படி என்று மூளைக்கு ஞாபகம் வரும்.

மூன்றாவது குதிகால் தூக்கி வைத்தல். சுருட்டிய துண்டு ஒன்றைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்காலை அந்தரத்தில் விட்டுவிட வேண்டும். தன் எடையிலேயே கால் மெதுவாகக் கீழே இறங்கி நீளும். பின்பக்கம் இழுக்கும், வலிக்கும், அதுதான் வேலை. ஆரம்பத்தில் மூன்று நிமிடம், பிறகு ஐந்து, பத்து. இந்த நேரத்தில் மேலே ஐஸ் பையை வைத்துவிடலாம், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பையின் எடையும் காலை நீட்ட உதவும்.

மடக்கல்: உதவியோடு, ஆனால் அவரே

உதவி என்றால் வீட்டில் இருப்பவர் காலைப் பிடித்து மடக்குவது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தவர் மடக்கினால் பயத்தில் தசை இறுகும், இறுகிய தசையை எதிர்த்து அமுக்கினால் உள்ளே ரத்தம் கசியும், மறுநாள் கால் யானைக்கால் மாதிரி வீங்கிவிடும். உதவி அவர் கையிலேயே இருக்க வேண்டும்.

படுத்துச் செய்வது எளிது. கட்டிலில் ஒரு வழவழப்பான பலகையோ பெரிய தட்டோ வைத்து அதில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவுங்கள். காலுக்கு சாக்ஸ் போடுங்கள். ஒரு பழைய வேட்டியைக் கயிறு மாதிரி முறுக்கி உள்ளங்காலில் மாட்டி, இரண்டு முனைகளையும் அவர் கையில் கொடுங்கள். அவர் குதிகாலைப் பிட்டத்தை நோக்கிச் சறுக்கிக்கொண்டு வர வேண்டும், இனி வராது என்ற இடத்தில் வேட்டியை இழுத்து இன்னும் ஒரு விரற்கடை. அங்கே ஐந்து முதல் பத்து எண்ணிக்கை, மூச்சைப் பிடிக்காமல். பிறகு மெதுவாக நீட்டி, நீட்டியதும் தொடையை ஒரு தடவை இறுக்க வேண்டும். பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை.

உட்கார்ந்து செய்வதுதான் எங்களுக்கு நிஜமாகவே பலன் கொடுத்தது. கைப்பிடி உள்ள, சக்கரம் இல்லாத நாற்காலி. பாதத்தைத் தரையில் சறுக்கி நாற்காலிக்கு அடியில் எவ்வளவு போகுமோ அவ்வளவு கொண்டுபோக வேண்டும். பிறகு நல்ல காலை அதன் முன்னால் கணுக்காலில் பின்னி, பின்னுக்குத் தள்ள வேண்டும். அதற்கும் மேல் ஒரு தந்திரம் இருக்கிறது: பாதத்தை அப்படியே ஊன்றி வைத்துக்கொண்டு, கைகளை ஊன்றி பிட்டத்தை மட்டும் நாற்காலியின் முன்பக்கம் நகர்த்துவது. கால் நகரவில்லை, உடம்புதான் நகர்கிறது, அதனால் பயம் குறைவு, ஐந்து டிகிரி சும்மா கிடைக்கும்.

எத்தனை டிகிரி என்று அளக்கக் கோணமானி தேவையில்லை. எங்கள் வீட்டு டைல்ஸ் தரையில், எப்போதும் ஒரே இடத்தில் ஒரே நாற்காலியைப் போட்டு, முதுகு சாய்ந்த நிலையில் கட்டைவிரல் நுனி எங்கே வருகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. சில நாள் கோடு நகராது, ஒரு நாள் பின்னால்கூட வந்தது. அம்மா அன்று பேசவே இல்லை. பத்து நாள் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் ஒரு ஜாண் உள்ளே போயிருந்தது தெரிந்தது. வீக்கத்துக்குத் தையல்காரர் நாடா. சில்லின் நடுவில் சுற்றி, தினமும் காலையில் அதே நேரத்தில் அளந்து எழுதுங்கள்.

அந்த நாடாதான் எல்லையைச் சொல்லும். பத்துக்கு ஐந்து என்கிற அளவு வலி பயிற்சியின்போது வரலாம், ஐஸ் வைத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிட்டால் சரியான அளவில் செய்திருக்கிறீர்கள். மறுநாள் காலை சுற்றளவு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடி, மடக்கலும் குறைந்திருந்தால் நேற்று அதிகம். அன்று நிறுத்தாதீர்கள், பாதியாகக் குறையுங்கள்.

மடக்கும் மெஷின் வேண்டுமா

காலை அதன்மேல் வைத்து சுவிட்சைப் போட்டால் தானாக மடக்கி நீட்டும் சி.பி.எம். (continuous passive motion, தொடர்ந்து அசைத்துக்கொண்டே இருப்பது) மெஷினை வாடகைக்கு எடுக்கச் சொல்லி நிறைய பேர் யோசனை தருவார்கள். இதன் கதை கனடாவில் தொடங்குகிறது. ராபர்ட் சால்டர் என்ற எலும்பு மருத்துவர் 1970களில் டொராண்டோவில் முயல்களை வைத்து, அசையாமல் கட்டிப்போட்ட மூட்டைவிட மெதுவாக அசைந்துகொண்டே இருக்கும் மூட்டில் குருத்தெலும்பு நன்றாக ஆறுகிறது என்று காட்டினார். அந்த யோசனை பிறகு மூட்டு மாற்று ஆபரேஷனுக்கும் வந்து, பல ஆஸ்பத்திரிகளில் மெஷின் நுழைந்தது. ஆனால் மாற்றிய மூட்டில் ஆற வேண்டிய குருத்தெலும்பே இல்லை, அங்கே உலோகமும் பிளாஸ்டிக்கும்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் மெஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மடக்கலில் வித்தியாசம் சுமார் 2 டிகிரி, கண்ணுக்குத் தெரியாத அளவு. அமெரிக்க பிசியோதெரபி சங்கம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாதாரண ஆபரேஷனுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்லிவிட்டது, ஐஸைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னது.

காரணம் எளிது. மெஷின் மடக்கும்போது உங்கள் தசை தூங்குகிறது. மணிக்கணக்கில் கட்டிலில் கிடப்பதால் நடையும் குறைகிறது.

ஆனால் கால் இறுகிப்போய் மயக்கத்தில் மடக்கிவிட்ட பிறகு, அல்லது இரண்டாவது தடவை ஆபரேஷன் செய்த பிறகு, டாக்டரே எழுதிக் கொடுப்பதுண்டு. அப்படியானால் மெஷினின் கீல் உங்கள் முழங்கால் கீலுக்கு நேராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இரண்டு விரற்கடை தள்ளியிருந்தாலும் அது வேறு இடத்தை மடக்கும். அவர் சொன்ன டிகிரியில் தொடங்கி, தாங்கும் அளவுக்கு மெதுவாக ஏற்றுங்கள். நிறுத்தும் பொத்தான் நோயாளியின் கையிலேயே இருக்கட்டும். முடிந்ததும் குதிகால் தூக்கி வைத்தலைக் கட்டாயம் செய்யுங்கள், ஏனென்றால் மெஷினில் கால் முழுவதும் நீளாது.

ஒரு நாள் எப்படிப் போகும்

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். காலை ஏழரைக்கு இட்லி, மாத்திரை. எட்டேகாலுக்கு நாடா அளவு, பாதம், தொடை இறுக்கல், வேட்டிச் சறுக்கல். வாக்கரோடு ஹாலில் இரண்டு நடை, பாத்ரூம். பிறகு படுத்து, குதிகால் தூக்கி, ஐஸ் 15 நிமிடம். பதினோரு மணிக்கு நாற்காலிப் பயிற்சி, மறுபடி ஐஸ். மதியம் தூக்கம், கால் உயரத்தில். நாலு மணிக்கு காபி, மாத்திரை, முக்கால் மணி நேரம் கழித்து மூன்றாவது சுற்று, வாசல்வரை நடை, ஐஸ். படுக்கும் முன் ஒரு ஐஸ். நடுவில் சீரியல் ஓடும்போதெல்லாம் விளம்பர இடைவேளைக்கு இருபது பாத அசைவு, இது அம்மாவே கண்டுபிடித்தது.

கரண்ட் போனால் ஐஸ் உருகிவிடும் என்பதால் ஒரு தெர்மாஸ் குடுவையில் கொஞ்சம் ஐஸ் எப்போதும் எடுத்து வைத்திருந்தோம்.

வாரக் கணக்கு

வீக்கம் ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில்தான் உச்சம். வீட்டுக்கு வந்த பிறகு கூடுகிறதே என்று பதறாதீர்கள், நடக்க ஆரம்பித்ததும் தொடை, கெண்டைக்கால், கணுக்கால்வரை நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போய் இறங்கும். தையலோ பின்னோ 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். அதற்குள் நீட்டல் முழுவதும், மடக்கல் 90 டிகிரி கிட்டத்தட்ட வந்துவிட்டால் நல்ல வேகம். ஆறு வாரத்தில் 110ஐ ஒட்டி வந்தால் திருப்தி.

இந்த டிகிரி எண்கள் வெறும் எண்கள் இல்லை. சமதளத்தில் நடக்க 60, 70 போதும். படி ஏற 80க்கு மேல் வேண்டும், இறங்க 90, சாதாரண நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ 95 பக்கம். செருப்பு வாரைக் குனிந்து மாட்ட இன்னும் கொஞ்சம் அதிகம். சம்மணம் போடுவதும் இந்தியன் டாய்லெட்டில் குந்துவதும் இதற்கெல்லாம் மேலே, பெரும்பாலான டாக்டர்கள் அவற்றை வேண்டாம் என்றே சொல்வார்கள், அதனால் ஆபரேஷனுக்கு முன்பே கம்மோடு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

படியில் பிசியோ தம்பி சொல்லிக்கொடுத்த பாட்டு: ‘ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல.’ இரண்டு முழங்காலும் ஒரே நேரத்தில் மாற்றியவர்களுக்கு இது செல்லாது, அவர்களுக்கு எந்தக் கால் தைரியமாக இருக்கிறதோ அதுதான் நல்ல கால்.

ஆறு வாரம் ஆகியும் 90ஐத் தொடவில்லை, கோடு இரண்டு வாரமாக அசையவில்லை என்றால் வீட்டிலேயே அமுக்கிப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் வழி இருக்கிறது, அது முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலிக்கும். ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று ஆறு மாதம் காத்திருந்து வருகிறவர்களுக்கு அந்த வாசல் பெரும்பாலும் மூடியிருக்கும்.

எப்போது ஓட வேண்டும்

ஒரு கெண்டைக்கால் மட்டும் கல் மாதிரி இறுகி வலித்து வீங்கினால் அன்றே டாக்டர். திடீரென்று மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம் என்றால் யோசிக்காமல் 108. காயத்திலிருந்து நீரோ சீழோ கசிவது, சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, குளிர் ஜுரம், பாதத்தை மேலே தூக்க வராமல் போவது, இவற்றுக்கு ஐஸ் பதில் இல்லை, உடனே ஆஸ்பத்திரி. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையையோ ஊசியையோ ‘நடக்க ஆரம்பிச்சாச்சே’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முழங்காலைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது மட்டும் தனி விஷயம். காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை, கசிவு இல்லை, வலி நாளுக்கு நாள் குறைகிறது என்றால் அந்தச் சூடு ஆறு மாதம்வரைகூட இருக்கலாம்.

அதனால் ஐஸ் பையைச் சீக்கிரம் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். மூன்றாம் மாதம், வாக்கரும் கைத்தடியும் போய், அம்மா தனியாகக் கடைக்குப் போய்வர ஆரம்பித்திருந்தார். ஒரு கல்யாணத்தில் காலையிலிருந்து வரவேற்பில் நின்று சந்தனமும் கல்கண்டும் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து புடவையை மாற்றும்போது பார்த்தால் முழங்கால் பழையபடி புஸ்ஸென்று இருந்தது. நான் எழுவதற்கு முன்பே, ‘ஃப்ரீசர்ல டிரே ரெண்டும் காலியா இருக்கா பாரு’ என்றார். காலியாகத்தான் இருந்தது. எதிர்வீட்டில் போய் ஐஸ் வாங்கிக்கொண்டு வந்தேன்.